கூடுதலாய் ஓர் இலை

பார்ச்சுப் படையலுக்கு நேரத்தோடு வந்து சேராவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும் என்று தனபாலன் காலையிலேயே சொல்லிவிட்டான். சொன்னது மனைவி முகத்தைப் பார்த்து அல்ல, தன் சட்டைப் பொத்தானைப் பார்த்து. சிவகாமியை நேருக்கு நேர் பார்த்துச் சண்டை போடும் துணிச்சல் அவனுக்கு என்றைக்குமே கிடையாது.

மலாய் மண்ணில் ஊறிப்போன காஜா பேராங் கிராமத்துச் செட்டிக் குடும்பங்களில் போகியன்று பார்ச்சு. செத்துப்போனவர்களுக்குக் கூடத்தில் இலை போட்டு, அவரவர் ஆசையாய்ச் சாப்பிட்டதை வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள், வந்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று. வீட்டு மருமகள் இல்லாமல் அது நடந்தால் கம்போங் முழுக்க அதே பேச்சாகத்தான் இருக்கும்.

சிவகாமி பெரியாஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ், ஊர்வாயில் மிஸ்ஸி. சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்கார சிஸ்டர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். இனி வார்டு உன் பொறுப்பு என்று மேட்ரன் போன வாரம்தான் சொல்லியிருந்தாள். கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்ற ஒருத்திக்கு அது கிடைத்ததே அதிசயம். அதைத்தான் விட்டுவிடு என்கிறான், பொழுது சாய்ந்தால் கிளப்பில் சீட்டாட உட்காரும் மனுஷன். அவன் எப்போது வந்தாலும் ஏன் என்று கேட்க அந்த வீட்டில் நாதியில்லை.

அன்றைக்கென்று பார்த்து, கிளம்பும் நேரத்தில் ஒருத்திக்கு இரட்டைப் பிள்ளை. போட்டுவிட்டு வர முடியுமா? இரண்டையும் கையில் வாங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டு, வெள்ளை உடுப்போடேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் புருஷன், அவனுடைய விதவை அக்கா கண்ணம்மா, ஆறு வயது மகள் மீனாச்சி.

சண்டை மலாயில்தான் நடந்தது. செட்டிகளுக்கு வீட்டுப் பேச்சு அதுதான். தமிழில் சொன்னாலும் காரம் ஒன்றும் குறையாது.

“வாங்க பெரிய மிஸ்ஸி!” என்றாள் கண்ணம்மா. “செத்தவங்க எல்லாம் நேரத்துக்கு வந்துட்டாங்க. உயிரோட இருக்கறவளுக்குத்தான் வீட்டுக்கு வழி தெரியல.”

“உங்க வாயையே யாராலயும் நிறுத்த முடியல. வர்ற பிள்ளைய நான் எப்படிக்கா நிறுத்தறது?”

“ஊரான் பிள்ளைக்கு நல்லா ஓடு. உன் பிள்ளைக்கு நீ இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். தெனம் இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“நாளைக்கே போய் வேலை வேணாம்னு சொல்லிட்டு வா,” என்றான் தனபாலன். இந்த முறை சைக்கிள் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான்.

பதில் சிவகாமியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் கண்ணம்மா கதவைத் திறந்தாள், திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமனார், மாமியார், கண்ணம்மாவின் புருஷன் என்று மூவருக்குப் போட்ட இலைகள். ஓரத்தில் நாலாவதாக ஒன்று, கோணல்மாணலாகக் கிழித்தது. அதில் நாலு பிஸ்கட், ஒரு கரண்டி அச்சார் ஊறுகாய். பக்கத்தில் விளிம்பு உதிர்ந்த எனாமல் குவளையில் பாலும் சீனியும் போடாத காப்பி-ஓ. குவளை சிவகாமியுடையது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவள் சாப்பிடுவதும் இதைத்தான்.

சிவகாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இத்தனை நாள் வாயாலதான் கொன்னீங்க. இப்ப இலையும் போட்டுட்டீங்களா எனக்கு?”

“முத்துமாரியம்மன் சத்தியமா நான் இல்லடி!” கண்ணம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

“உங்க சத்தியத்தக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. நான் சாகணும், அதானே வேணும் உங்களுக்கு?”

கண்ணம்மா பதறிப்போய் அந்த இலையைச் சுருட்டக் குனிந்தாள். “எடுக்காதீங்க அத்தை!” என்று மீனாச்சி குறுக்கே விழுந்தாள். “அது அம்மாவுது. நான்தான் போட்டேன்.”

சிவகாமி பிள்ளையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாதவங்களுக்கு இன்னைக்கு இலை போட்டுப் பேர் சொன்னா வந்துடுவாங்கன்னு அப்பாதான் சொன்னாரு. அம்மா இல்லாத மாதிரிதான்னு அத்தை சொன்னாங்க. அதான் எல்லாரும் வெளிய போறப்ப ஓடிப்போய் வெச்சேன். சிவகாமின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.” பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “உடனே வந்துட்டாங்க!”

சிவகாமிக்கு யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை, தன்னையும் சேர்த்துத்தான். அவமானமாக இருந்தது. அந்த இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆறிப்போன காப்பியில் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

“ஐயையோ, அபசகுனம்!” என்று கண்ணம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“எம்பிள்ளை போட்ட சோறு. இதுல என்னக்கா அபசகுனம்?” இலையில் இருந்த அத்தனையையும் தின்று முடித்துவிட்டுத்தான் புருஷன் பக்கம் திரும்பினாள். “வேலைய நான் விடமாட்டேன். நீங்க சீட்ட விடுங்க. நான் டியூட்டிக்குப் போற நேரம் நீங்க இந்த வீட்ல இருக்கணும். இல்லன்னா அடுத்த போகிக்கு இவ உங்களுக்கும் ஒரு இலை போடுவா.”

தனபாலனுக்குப் பார்க்கப் பொத்தானும் கிடைக்கவில்லை, சக்கரமும் கிடைக்கவில்லை.

மீனாச்சி மட்டும் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிவகாமியின் காதோரம் குனிந்து, ரகசியமாகக் கேட்டாள்.

“அப்பாவுக்கு என்னம்மா பிடிக்கும்?”