புத்தர் கோயிலில் கைதட்டியவர்கள்

1

இந்தக் கதை ஒரு நாற்றத்திலிருந்து பிறந்தது. பெருமைப்பட்டுக்கொள்ள முடியாத பிறப்புதான், என்ன செய்ய?

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். (மாமியார் ஜப்பானில் நகோயா ஊர்க்காரி. நான் இங்கே பெண்ணெடுத்து, இங்கேயே தலை நரைத்தவன்.) அத்தை முந்தின நாள்தான் இலையுதிர்காலக் கோயில் சுற்றுலாவுக்குப் பேருந்தில் போய் வந்திருந்தாள். எவளோ ஒருத்தி கோயில் வாசலில் உதிர்ந்து கிடந்த கின்கோ பழங்களைப் பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டாளாம். நசுங்கிய கின்கோ பழம் கழுவாத கழிப்பறை மாதிரி நாறும். உள்ளே இருக்கும் பருப்புக்கோ ஊரே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலையும். பேருந்து முழுக்க நாறிவிட்டது, என்ன ஜென்மமோ என்று அத்தை திட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஆவியில் வேகவைத்த முட்டைக் கிண்ணத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன். அடியில் மூன்று கின்கோ பருப்புகள் கிடந்தன. நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தொலைக்காட்சியைப் பார்த்தாள்.

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

‘சிவந்த மேப்பிள் இலைகள் காற்றில் மெல்ல—’

வேண்டாம். இந்த நாட்டில் இலையைப் பற்றி எழுதாதவர்களே கிடையாது. நானும் ஆரம்பித்தால் இலைக்கே அலுத்துவிடும்.

‘ஏரிக்கரைச் சாலையில் ஒரு பேருந்து, காலத்தைப் போலவே—’

சீச்சீ.

‘சிஹோ மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.’

இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.

சிஹோ அந்தப் பேருந்தின் வழிகாட்டி. நாற்பதைத் தாண்டியவள். மகன் பிறந்ததும் வேலையை விட்டவள், பிறகு அதே நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குத்தான் திரும்ப முடிந்தது. கெஞ்சிக் கூத்தாடி இன்றுதான் மறுபடி மைக் கைக்கு வந்திருக்கிறது, அதுவும் சோதனைக்கு. சோதிப்பவர் மேலாளர் ஒனோதேரா. முகமூடி, தொப்பியோடு சாதாரணப் பயணி வேடத்தில் கடைசி வரிசையில் இருக்கிறார். காலையிலிருந்து எதையும் கொறிக்காத ஒரே ஆள் அவர்தான் என்பதால் பேருந்துக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அவர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. (அந்த இருக்கை எனக்குப் பிறகு தேவைப்படும். காலியாகவே இருக்கட்டும்.)

சிஹோவுக்கு ஏன் இந்த வேலை மேல் இத்தனை ஆசை? வீட்டில் அவள் பேச்சை யாரும் கேட்பதில்லை. கணவன் தொலைக்காட்சியோடு பேசுவான், மகன் கைப்பேசியோடு. பேருந்தில் அவள் ‘வலப்பக்கம் பாருங்கள்’ என்றால் நாற்பது தலைகள் ஒன்றாகத் திரும்பும். அந்தச் சந்தோஷத்தை நான் விளக்க வேண்டியதில்லை. கதை எழுதுகிறவனுக்கும் அதே வியாதிதான்.

3

காலையில் பார்த்த மூன்றும் சிந்தோ மதக் கோயில்கள். மூன்றாவதை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நாற்றம் எழுந்தது.

ஒவ்வொருவரும் தன் காலணியில்தான் ஒட்டியிருக்கிறதோ என்று பயந்து, குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் நிமிர்ந்தார்கள். ஒருவர் மணத்துக்காக ஆரஞ்சு உரித்தார். அடுத்தவர் உரித்தார். பேருந்தே உரித்தது. இப்போது ஆரஞ்சு மணத்தோடு சேர்ந்து நாறியது. பின்னாலிருந்து ஒனோதேரா செருமினார்.

சிஹோ பார்த்துவிட்டாள். மூன்றாவது வரிசையில் ஊதா தொப்பிக்காரி ஒருத்தி, கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி, அழுதுவிடுவது போல் உட்கார்ந்திருந்தாள்.

(இந்த இடத்தை மனைவி தன் கைப்பேசியிலிருந்து ஜப்பானிய மொழியில் படித்துக் காட்டியதும் அத்தை அதைப் பிடுங்கினாள். “மூணாவது வரிசைன்னு எதுக்கு மாப்ளே எழுதணும்? அங்க வேற பொம்பளைங்களே உக்காரலியா?” வாசகர்களே, திருத்திக்கொள்ளுங்கள். நான்காவது வரிசை.)

சிஹோ மைக்கை எடுத்தாள். “எல்லாரும் மன்னிக்கணும். கின்கோவ மிதிச்சது நான்தாங்க. என் ஷூதான் நாறுது.”

சொன்னதோடு நிற்காமல் காலணியைக் கழற்றிப் பைக்குள் போட்டு முடிந்து, அடுத்த நிறுத்தம் வரை காலுறையோடு நின்றபடி சன்னலுக்கு வெளியே தெரிந்த ஏரியை விளக்கினாள். நாற்றம் அப்படியேதான் இருந்தது. ஒனோதேராவின் புருவம் தொப்பிக்குள் ஏறியது. ஊதா தொப்பி மட்டும் தலையைத் தூக்கவே இல்லை.

4

நான்காவது நிறுத்தம் புத்தர் கோயில்.

(அடிக்குறிப்பை நடுவிலேயே வைத்துவிடுகிறேன், கீழே போட்டால் யாரும் படிப்பதில்லை. சிந்தோ கோயிலில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, இன்னொரு முறை குனிய வேண்டும். புத்தர் முன்னால் சத்தமில்லாமல் கைகூப்பினால் போதும். தட்டக் கூடாது. இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.)

சிஹோவுக்குத் தெரியாதா? ஆனால் காலையிலிருந்து மூன்று இடங்களில் தட்டிய கைகள். மனமோ பின்னால் நிற்கும் ஒனோதேராவிடம் இருந்தது. அவள் வழிகாட்டிக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இருமுறை குனிந்தாள். தட்டினாள்.

பட், பட்.

முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்த பிக்குவின் துடைப்பம் நின்றது. சிஹோ கூப்பிய கையைப் பிரிக்கவில்லை, திரும்பவும் இல்லை. கழுத்து மட்டும் சிவந்துகொண்டே போனது. போயிற்று, எல்லாம் போயிற்று. திங்கட்கிழமை மறுபடி தொலைபேசி.

அப்போது பின்னாலிருந்து இன்னொரு பட், பட்.

ஊதா தொப்பி.

அவள் புத்தரை நேராகப் பார்த்து, காலங்காலமாக இதுதான் வழக்கம் என்பது போல் தட்டினாள். உடனே பக்கத்தில் இருந்தவர் தட்டினார். வழிகாட்டிக்கு அவமானம் வந்துவிடக் கூடாதே என்று அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. ஓசாகாவிலிருந்து வந்திருந்த வேறொரு கூட்டம் இதைப் பார்த்துவிட்டு, இந்தக் கோயிலில் இப்படித்தான் போலிருக்கிறது என்று தானும் தட்டியது. பிக்கு சுற்றும் முற்றும் பார்த்தார். இத்தனை பேரைத் தனியாக விட மனமில்லாமல் துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவிட்டு அவரும் தட்டினார்.

மிச்சம் ஒனோதேரா. அவரும் தட்டிவிட்டால், பிறகு எந்த வாயால் சிஹோவைக் குறை சொல்வார்?

5

முடிவு அ: ஒனோதேரா தட்டுகிறார். சிஹோ அழுகிறாள். இலைகள் உதிர்— (சர்க்கரை அதிகம். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: தட்டவில்லை. சிஹோ தொலைபேசிக்குத் திரும்புகிறாள். (எழுதிவிட்டு எனக்கே சோறு இறங்கவில்லை.)

முடிவு இ: ஒனோதேராவின் ஒரு கையில் குடை, மறு கையில் தொடாத சாப்பாட்டுப் பெட்டி. தட்ட நினைத்தாலும் முடியா— (கோழை எழுதுகிற முடிவு.)

வேறு வழியில்லாமல், ஒனோதேரா தட்டினாரா என்று அத்தையையே கேட்டேன். நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன், எனக்கென்ன தெரியும் என்றாள். முதலில் ஏன் தட்டினீர்கள் என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணு ஊருக்கு முன்னால ஷூவக் கழட்டிட்டு நின்னுச்சு மாப்ளே. எனக்கு ரெண்டு தட்டு தட்டக்கூட வலிக்குமா?”

பருப்பைப் பற்றி அவள் ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். பிறகு ஒனோதேராவைப் பற்றிச் சொன்னாள். “அந்தாளு பாவம், தனியா நின்னான். பக்கத்துல ஒருத்தர் தட்டியிருந்தா அவனும் தட்டியிருப்பான்.”

6

நான் காலியாக வைத்திருந்த இருக்கை உங்களுக்குத்தான். காலையிலிருந்து நீங்கள் ஒனோதேராவின் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்திருக்கிறீர்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு, வாயைத் திறக்காமல். இப்போது முற்றத்தின் கடைசி வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். முன்னால் சிஹோவின் சிவந்த கழுத்து தெரிகிறது. அவள் இன்னும் திரும்பவில்லை.

ஒனோதேரா ஓரக்கண்ணால் உங்கள் கைகளைப் பார்க்கிறார். அவற்றில் இந்தக் கதை இருக்கிறது. அதைக் கீழே வைத்தால்தான் தட்ட முடியும்.