ஏழாம் சுற்றில் வந்தவன்

வளைகுடா நாட்டு ருவைஸில் சாரம் கட்டும் வேலை பார்த்த சோலைமுத்து இன்டர்நெட்டில் விளையாட்டுக்குப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்த அமெரிக்க ஆட்டக்காரன், இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், தோளில் ஒரு பையோடு கேம்ப் வாசலில் வந்து நின்றான். வாசல் நிலையைவிடக் கொஞ்சம் உயரமான ஆள். பேண்ட்டில் முழங்கால் வரைக்கும் கடலுப்பு காய்ந்து வெளுத்திருந்தது. காவலுக்கு இருந்த நேபாளி, காலையில் வந்து இறங்கிய கிரேனோடு சேர்ந்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டான். அன்று மெஸ்ஸில் கோழிக்குழம்பு. வந்தவன் வேண்டிய மட்டும் சாப்பிட்டான், தட்டைக் கழுவிக் கவிழ்த்தான், அதற்குப் பிறகுதான் சோலைமுத்துவின் ரூம் எது என்று விசாரித்தான்.

சோலைமுத்து அரியலூர்ப் பக்கம் திருமானூர்க்காரன். எண்ணெய் ஆலையை ரிப்பேருக்காக நிறுத்திவைக்கும் ஷட்டவுன் வரும்போதெல்லாம் கோபுரங்களைச் சுற்றிக் குழாய்க்குக் குழாய் கிளாம்ப் பூட்டிச் சாரம் எழுப்புவதும், வெல்டர்களும் பெயின்டர்களும் வேலையை முடித்துக்கொண்டு இறங்கியதும் அதையே பிரித்து லாரியில் ஏற்றுவதும் அவன் தொழில். அவன் கட்டியது எதுவும் நின்றதில்லை. ஒரு வருஷம் நைட் டூட்டி போட்டார்கள். காலையில் திரும்பி வந்தால் பொழுதுபோக்கு ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட் தொலைந்து போனதால் ஒரே சேனல். அதில் அமெரிக்கர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் முட்டித் தள்ளினார்கள். கால்பந்து என்று பெயர், காலில் பந்து பட்டதே அபூர்வம். மற்றவர்கள் தூங்கப் போனார்கள், சோலைமுத்து உட்கார்ந்து பார்த்தான். பந்தை எறிகிறவனையோ பிடித்துக்கொண்டு ஓடுகிறவனையோ அவனுக்குப் பிடிக்கவில்லை. எறிகிறவனுக்கு முன்னால் முதுகு காட்டி நின்று, அவன்மேல் யாரும் வந்து விழாமல் தாங்கிக்கொள்கிற தடியர்களைத்தான் பிடித்தது. அவர்கள் கையில் பந்தை யாரும் கொடுப்பதில்லை. ஆட்டம் முடிந்து கேமரா அவர்களைத் தாண்டிப் போகும்போது சோலைமுத்துவுக்குக் கோபம் வரும்.

அந்த நாட்டில் ஏப்ரல் மாதக் கடைசியில் எல்லா அணிகளும் கூடி, கல்லூரி முடித்த ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். ஏழு சுற்று நடக்கும். அதற்கு முந்தைய வாரம், பொறுக்கமாட்டாத ரசிகர்கள் இன்டர்நெட்டில் கூடி அதே மாதிரி ஒரு பொய்த் தேர்வு நடத்துவார்கள்; ஆளுக்கொரு அணியை எடுத்துக்கொண்டு, தாங்களே முதலாளிகள் மாதிரி சண்டை போடுவார்கள். சோலைமுத்து இரண்டு வருஷம் வாயைத் திறக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் வருஷம் ஏரிக்கரை நகரம் ஒன்றின் அணிக்குப் பொறுப்பெடுத்த ஆள் வராமல் போனதால், அந்த நாற்காலி இவனுக்குக் கிடைத்தது. ஆறு சுற்று வரைக்கும் மற்றவர்கள் சொன்ன யோசனைப்படியே எடுத்தான். ஆட்டக்காரர்களின் எடை, உயரம், உள்ளங்கை அகலம், ஓடும் வேகம் எல்லாவற்றையும் அவர்கள் பேசப்பேச, சோலைமுத்துவுக்குத் திருச்சியில் ஏஜென்ட் நடத்திய இன்டர்வியூ ஞாபகம் வந்தது. அங்கேயும் தோளை அமுக்கிப் பார்த்தார்கள், கம்பத்தில் ஏறச் சொன்னார்கள். இவனுக்கு முன்னால் நின்றவன் இவனைவிட வேகமாக ஏறினான்; ஆனால் கை நீளம் பற்றாது என்று அனுப்பிவிட்டார்கள். அவன் படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்ததைத் தாண்டித்தான் சோலைமுத்து விமானம் ஏறினான். ஏழாம் சுற்றில் முறை வந்தபோது, கை குட்டை என்று எல்லோரும் ஒதுக்கிய ஒரு பெயர் மிச்சமிருந்தது. சோலைமுத்து மைக்கைத் திறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆளை வேலைக்குக் கூப்பிட்டான். "டெல்மர் ஓட்ஸ்" என்றான். உலகம் முழுக்கச் சிரித்தார்கள். அடுத்த வாரம் நடந்த நிஜத் தேர்வில் அந்தப் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. டெல்மர் லூசியானாவில் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டான். அப்புறம் எழுந்து, தன்னைக் கூப்பிட்ட ஒரே குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கம் நடந்தான். வழியில் கடல் வந்தது. முழங்காலுக்கு மேல் ஆழமில்லை என்று அவன் பிறகு சொன்னான்.

ரூமில் சோலைமுத்துவோடு இருந்தவன் பரமக்குடி பாலகுரு. கதவு இருண்டதைப் பார்த்து அவன்தான் முதலில் எழுந்தான்.

"நீ கூப்பிட்டாய், வந்துவிட்டேன்" என்று டெல்மர் தன் பாஷையில் சொன்னான். "மைதானம் எங்கே?"

சைட்டில் பழகிய இங்கிலீஷை வைத்து சோலைமுத்து அதைப் புரிந்துகொண்டான்.

"அண்ணே, விசா இல்லாம ஒரு ஆளை வரவச்சிருக்கியே" என்றான் பாலகுரு. "இப்ப நீதான் இவனுக்கு கஃபீல், ஆளை வரவச்ச முதலாளி. சோறு, படுக்கை, வேலை எல்லாம் உன் தலையில."

படுக்கை பெரிய பாடாக இல்லை, இரண்டு மெத்தையைத் தரையில் சேர்த்துப் போட்டார்கள். வேலைதான் இல்லை. டெல்மரால் சும்மா இருக்க முடியவில்லை. எல்லோரும் டூட்டிக்குப் போனபின் வேலியை ஒட்டி ஓட ஆரம்பிப்பான். அவர்கள் திரும்பி வரும்போதும் ஓடிக்கொண்டிருப்பான். மெஸ்ஸில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. ஒரு வாரத்துக்குள் அந்த பிளாக்கில் இருந்த கட்டில்களும் நகரத் தொடங்கின. ஆட்கள் சுவரோரம் படுத்துக் கதவோரம் எழுந்தார்கள், சிலர் வராந்தாவில் எழுந்தார்கள், ஒரு பிஹாரி கட்டிலோடு பஸ் நிறுத்தத்தில் கண் விழித்து, டூட்டிக்குப் பக்கமாகப் போயிற்று என்று அங்கேயே பல் தேய்த்தான். பிறகு அது மனிதர்களைப் பிடித்தது. வருஷக்கணக்காக லீவு கேட்காதவர்கள் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். லீவு முடிந்து வந்தவர்கள் பெட்டியைப் பிரிக்கவில்லை. சாப்பிடும்போதும் ஒரு கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சோலைமுத்துவுக்கு இந்த நோய் புதிதில்லை. ஊருக்குப் போனால் நாலாம் நாளே கால் நிற்காது, தெருவுக்கும் கொல்லைக்கும் நடப்பான். ருவைஸுக்கு வந்தால் ஊர் நினைப்பில் நடப்பான். அந்த மாதம் அவன் காண்ட்ராக்ட் முடிகிறது, புதுப்பிப்பதா வேண்டாமா என்று சொல்லியாக வேண்டும். திருமானூரில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருந்த அவன் மனைவி நாகவள்ளியிடம் போனில் யோசனை கேட்டான். பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"வர்றதா இருந்தா இருக்க வாங்க. வந்துட்டுப் போறதுக்கு வராதீங்க" என்றாள். "நீங்க பாட்டுக்கு பிளேன் ஏறிடுவீங்க. ஏர்போர்ட் வாசல்ல நின்னுட்டுத் திரும்பி பஸ் ஏறுறது நான்."

"அங்க வந்தா என்னால உக்கார முடியலியே, வள்ளி."

"உங்கள யாரு உக்காரச் சொன்னா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் இரண்டு நாள் யோசித்தான்.

கேம்ப் பாஸ் அஹ்சன் பெஷாவர்க்காரர், நியாயமான மனிதர். கட்டில்களைத் தேடிக் கொண்டுவருவதற்கென்றே ஆட்களைப் போட வேண்டியிருந்ததால், அவர் ஒரு நாள் ரூமுக்கே வந்தார். "சோலை பாய், யே ஆத்மி அச்சா ஹை. லேகின் கேம்ப் மே நஹி ரஹேகா" என்றார். ஆள் நல்லவன்தான், ஆனால் இங்கே இருக்கக் கூடாது. இந்த வெள்ளி தாண்டக் கூடாது, கலாஸ், அவ்வளவுதான். சோலைமுத்து பொய்த் தேர்வு நடந்த இடத்தில் போய், நான் எடுத்த ஆளைத் திருப்பி அனுப்ப என்ன வழி என்று எழுதிக் கேட்டான். இது வெறும் விளையாட்டு நண்பா, உனக்கு ஓய்வு தேவை என்று பதில் வந்தது. தோஹா தொழில்பேட்டையில் லாரி ஒர்க்ஷாப் வைத்திருந்த இன்னொரு ரசிகர் மட்டும், அடுத்த வருஷம் தன் முறையைத் தருவதாகவும் பதிலுக்கு டெல்மரைத் தர முடியுமா என்றும் கேட்டார். அவருக்குக் கியர்பாக்ஸ் தூக்க ஆள் வேண்டியிருந்தது. சோலைமுத்து அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தான். தன்னையும் ஒரு தடவை ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு இப்படித்தான் கைமாற்றியது. அவனிடம் யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் அவன் சாரம் கட்டும் ஆட்களைக் கூப்பிட்டான். காலில் அரிப்பெடுத்துக் கிடந்தவர்கள், ஏன் என்றுகூடக் கேட்காமல் வந்தார்கள். கேம்ப்புக்குப் பின்னால் உப்புப் பூத்த வெட்டவெளியில், கழித்துப் போட்ட குழாய்களைப் பூட்டி இரண்டு பக்கமும் கவட்டை மாதிரி கோல் கம்பம் எழுப்பினார்கள். சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கிழிந்த கையுறைகளைத் திணித்து, டேப் சுற்றி, பாலகுரு ஒரு பந்து செய்தான். நெல்லிக்காய்க்கும் மாங்கொட்டைக்கும் நடுவில் ஒரு வடிவம் வந்தது. வெள்ளிக்கிழமை வெயில் தணிந்ததும் ஆட்டம் ஆரம்பமானது. யாருக்கும் சட்டம் தெரியாது. பிஹாரிகளும் பட்டான்களும் ஒரு பக்கம், தமிழர்களும் நேபாளிகளும் ஒரு பக்கம். பந்தை எறியும் வேலை சோலைமுத்துவுக்கு. முதல் தடவை பந்து கைக்கு வந்ததும், எதிரே பத்துப் பேர் ஓடி வருவதைப் பார்த்து அவன் கண்ணை மூடிக்கொண்டான். அடி எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்தால் டெல்மரின் முதுகு. அந்தக் குட்டைக் கைகளை விரித்து அவன் அத்தனை பேரையும் தாங்கிக்கொண்டிருந்தான். மண் அவன் காலடியில் அமுங்கியது, ஆள் அமுங்கவில்லை. கிடைத்த நேரத்தில் எறிவதை விட்டுவிட்டு சோலைமுத்து அப்படியே நின்றான். தன்மேல் வந்து விழ வேண்டியதை இன்னொருத்தன் வாங்கிக்கொள்வான் என்று அவன் ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை.

"எறிண்ணே! யல்லா, எறி!" என்று பாலகுரு கத்தினான்.

எறிந்தான். பந்து எங்கே போனது என்பதில் இன்றுவரை கேம்ப்பில் இரண்டு கட்சி உண்டு. இருட்டும்வரை ஆடினார்கள். அஹ்சன் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆளை வெளியே அனுப்பும் பேச்சை அவர் எடுக்கவில்லை. அதன் பிறகு இன்னும் மூன்று வெள்ளி ஆட்டம் நடந்தது.

மூன்றாம் வெள்ளியில் டெல்மரின் அம்மா கூப்பிட்டாள். அவளுக்கு எண் தெரியாமலே சோலைமுத்துவின் போன் அடித்தது. அவள் பேசியதில் பாதிதான் அவனுக்குப் புரிந்தது: பையன் சாப்பிடுகிறானா, அங்கே அவனுக்கு யாராவது இருக்கிறார்களா, எப்போது விடுவீர்கள்? விடுவீர்களா என்று அவள் கேட்கவில்லை, எப்போது என்றுதான் கேட்டாள். சோலைமுத்து போனை டெல்மரிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றான். போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது அவனுக்கு முதல் ஆட்டத்தன்றே தெரியும். கூப்பிட்டவன் சொல்லாமல் டெல்மர் போகமாட்டான். மைதானம் கட்டியதும், அடுத்த வெள்ளி அடுத்த வெள்ளி என்று தள்ளியதும் அவனுக்காக மட்டுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டபோது, முதுகு கூசியது. தனக்கு முன்னால் அந்த முதுகு நிற்கிற சுகத்தை விட மனசு வரவில்லை. எல்லா முதலாளிக்கும் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தான்.

டெல்மர் போனோடு வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது.

"கலாஸ். நீ போ. கோ ஹோம்" என்றான் சோலைமுத்து. "நல்லா ஆடுன. வெரி குட்."

டெல்மர் அவனைக் குனிந்து பார்த்தான். "நீ?" என்று கேட்டான்.

மறுநாள் சனிக்கிழமை மாலை கேம்ப்பே கடற்கரைக்கு வந்தது. மெஸ்காரர் சப்பாத்தி கட்டிக் கொடுத்தார். டெல்மர் எல்லோரையும் ஒரு தடவை தூக்கி இறக்கிவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அன்றும் கடல் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. எண்ணெய்க் கப்பல் ஒன்று அவனுக்கு வழிவிட்டு ஹாரன் அடித்தது. சோலைமுத்து நேராக ஆபீசுக்குப் போய், புதுப்பிக்க விருப்பமில்லை என்று சொன்னான். அவனுக்கு மட்டும் விமான டிக்கெட் போட்டார்கள்.

திருமானூரில் முதல் மூன்று நாள் நன்றாகப் போயிற்று. நாலாம் நாள் சாயங்காலம் கால் அரித்தது. அவன் எழுந்து வாசலைப் பார்ப்பதையும் உட்காருவதையும் கவனித்த நாகவள்ளி, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க" என்றாள்.

"எங்க?"

"எங்கயோ. நானும் இத்தன வருஷமா இந்த மெஷின் முன்னால உக்காந்தே கெடக்கேன்."

இருவரும் கொள்ளிடக் கரையில் இறங்கி நடந்தார்கள். பாலம் வரை போய்த் திரும்பியபோது வீடு அவர்களுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்றிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அடுப்பில் வைத்த பால் பொங்காமல் இருந்தது. நாகவள்ளி உள்ளே போய்ப் பாலை இறக்கினாள். அன்றிலிருந்து அவர்கள் நடக்கும் பக்கம் வீடும் வரும், அவர்கள் நின்ற இடத்தில் அதுவும் நிற்கும். முதலில் கரண்ட் ஆபீசில்தான் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள், பிறகு நீளமாக ஒயர் கொடுத்துவிட்டார்கள். தைக்கக் கொடுத்தவர்கள் வழியில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு வந்து வாங்கிப் போகிறார்கள். சிலிண்டர் போடுகிற ஜெய்னுலாப்தீன், வண்டியைக் கிளப்புவதற்கு முன் போன் செய்து, "அக்கா, இன்னைக்கு எந்தப் பக்கம் நிக்கிறீங்க?" என்று கேட்டுக்கொள்வார்.