வீரமங்கையின் வலது கை

எங்கள் மரக்காணத்தில் எது நடந்தாலும் ஒரு ஃபிளெக்ஸ் வைத்தாக வேண்டும். காது குத்தினால் ஃபிளெக்ஸ், கண்ணை மூடினால் ஃபிளெக்ஸ். அதனால் ஈ.சி.ஆர். சாலை ஓரமாக நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர் தட்சணாமூர்த்தி, தன்னிடம் வேலை பார்த்த நர்ஸ் அமுதவல்லியின் தோள் போனதற்கும் ஒரு ஃபிளெக்ஸ் வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

அந்த நர்சிங் ஹோமில் லிஃப்ட் உண்டு. திறப்பு விழா அன்று ரிப்பன் வெட்டியதோடு அதன் வேலை முடிந்தது. மாடியில் இருக்கும் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, சரிவுப் பாதையில் நர்ஸுகளே இறக்குவார்கள். வார்டு பாய் வைப்பது டாக்டரின் பார்வையில் வீண் ஆடம்பரம். ஒரு நாள் அப்படி இறங்கியவர் ஆதிமூலம். உப்பள முதலாளி, டாக்டருக்குச் சம்பந்தி, நாற்காலி போதாத உடம்பு. பாதி வழியில் சக்கரம் கழன்றது. அவர் உருண்டுவிடாமல் அமுதவல்லி தன் வலது தோளைக் கொடுத்துத் தாங்கினாள். முதலாளிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவள் வலது கை மட்டும் அதன்பிறகு நெஞ்சுக்கு மேல் எழவில்லை.

யாரோ போனில் எடுத்த படத்தை வைத்து, மறுநாளே வாசலில் ஃபிளெக்ஸ் நின்றது. 'பணியின்போது தோள் கொடுத்து உயிர் காத்த எங்கள் வீரமங்கை.' அவள் ஆதிமூலத்தைத் தாங்கும் படம் உள்ளங்கை அளவு. பக்கத்தில் டாக்டர் ஆள் உயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

குளுக்கோஸ் பாட்டிலை எட்டி மாட்ட முடியாத நர்ஸை எவன் வேலைக்கு வைப்பான்? அவள் சட்டப்படி இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு போட்டாள். அன்று இரவே ஃபிளெக்ஸ் இறங்கியது. காசு கொடுத்து அடித்ததைக் குப்பையில் போட டாக்டருக்கு மனம் வரவில்லை. உப்பை மழைக்கு மூட உதவுமே என்று சம்பந்திக்குக் கொடுத்துவிட்டார். ஆதிமூலமோ, தான் ஒரு பொம்பளையின் தோளில் தொங்கும் காட்சியைக் கூலியாட்கள் பார்க்கக் கூடாதென்று, அதை எப்போதும் படம் உள்பக்கமாகக் கவிழ்த்தே போட உத்தரவிட்டார்.

முதல் விசாரணையில் டாக்டர் கூசாமல் சொன்னார்: "அன்னிக்கு அந்தப் பொண்ணு டூட்டியிலயே இல்லைங்க. வீட்ல எங்கியோ வழுக்கி வுழுந்திருக்கும்."

அமுதவல்லி தன் போனில் இருந்த ஃபிளெக்ஸ் படத்தைக் காட்டினாள். டாக்டரின் வக்கீல் விசாரணை அதிகாரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் காலத்துல போன்ல எத வேணா பண்ணலாம் மேடம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டாள், தன்னைப் பொய்க்காரி ஆக்கியதைத் தாங்க முடியவில்லை. அன்று தான் டூட்டியில் இருந்ததை அந்த ஆளின் வாயாலேயே சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று வீடு திரும்பினாள்.

அடுத்து, அவளுக்கு நிஜமாகவே கை முடியவில்லையா என்று வேவு பார்த்துப் படம் எடுக்க, நர்சிங் ஹோமின் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு ஆளை அனுப்பியது. அவள் கணவன் பச்சமுத்து, ஆதிமூலத்தின் உப்பளத்தில்தான் வேலை செய்கிறான். அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அவள் போயிருந்த மத்தியானம் அந்த ஆள் வந்தான். உப்பளத்தில் ஒளிய ஒரு செடிகூட இல்லை. அவன் குனிந்து குனிந்து வந்ததை ஊரே பார்த்தது.

"பூட்ஸு போட்டுக்கினு ஒருத்தன் பாத்திக்குள்ள வர்றான் பாரு," என்றான் பச்சமுத்து. "இன்சூரன்ஸ் ஆளுதான். நீ வூட்டுக்குப் போயிடு."

"ஏன் போவணும்? அந்த உப்பு மேல கெடக்குற ஃபிளெக்ஸ பெரட்டிப் போடு."

"மொதலாளி திட்டுவாருடி."

"திட்டட்டும். அவரத் தாங்கித்தான என் தோளு போச்சு? நாம காட்டினா பொய்யின்றாங்க. அவங்க ஆளே படம் புடிச்சிக்கினு போவட்டும்."

பச்சமுத்து புரட்டிப் போட்டான். வீரமங்கையும் டாக்டரும் உப்புக் குவியலின்மேல் பளிச்சென்று விரிந்தார்கள். அமுதவல்லி உப்பு சுமக்கும் காலி அன்னக்கூடை ஒன்றை இடது கையால் எடுத்து, வெயிலுக்குக் கவிழ்ப்பதுபோலத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ஸ்டூடியோவில் நிற்பதுபோல் அதற்கு முன்னால் நின்றாள். வந்தவன் கண்ணுக்குக் கூடை மட்டும்தான் தெரிந்தது. ஆசை தீரப் படம் எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த விசாரணையில் வக்கீல் அந்தப் படத்தை வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக நீட்டினார். "உப்பு சுமக்குறாங்க மேடம். நல்லாத்தான் இருக்காங்க."

விசாரணை அதிகாரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கூடை கவிழ்ந்துல்ல இருக்குது?"

"கவிழ்ந்தாலும் சுமை சுமைதானுங்களே."

"சரி, பின்னாடி என்னமோ எழுதியிருக்குதே." அவர் ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். மறுபடி 'பணியின்போது' என்ற சொல்லில் விரலை வைத்து, டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். "கும்பிடுறது நீங்கதான?"

டாக்டர் முந்திக்கொண்டார். "அது விளம்பரமுங்க. விளம்பரத்துல எல்லாமே உண்மையா இருக்குமா?"

"அப்ப எது பொய்? அதுவா, இங்க நீங்க சொன்னதா?"

டாக்டர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் டாக்டர் வாயைத் திறந்து, "டூட்டியிலதான் இருந்துச்சு" என்றார். இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவானது.

தோற்றதையும் வீணாக்குகிற ஆள் இல்லை டாக்டர். அனுபவச் சான்றிதழ் வாங்க நர்சிங் ஹோமுக்குப் போன அமுதவல்லியைப் பிடித்து நிறுத்தி, தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். அதுவும் அந்த வலது தோளிலேயே. 'ஊழியருக்கு உரிமை பெற்றுத் தந்த மனிதநேய மருத்துவர்' என்று புது ஃபிளெக்ஸ் வரப்போகிறதாம். போட்டோகிராபர் தயாராக நின்றான். டாக்டர் வழக்கம்போல் தலைக்கு மேல் கைகூப்பினார்.

"சிஸ்டர், நீங்களும் டாக்டர் மாதிரியே ரெண்டு கையையும் மேல தூக்கிக் கும்பிடுங்க."

அமுதவல்லியின் இடது கை மேலே போனது. வலது கை நெஞ்சோடு நின்றுவிட்டது.

"இன்னொரு கையையும் தூக்குங்க சிஸ்டர்."

"டாக்டர வந்து தூக்கிவுடச் சொல்லுங்க," என்றாள் அமுதவல்லி. "அதப் படம் எடுத்துப் போடுங்க."