நுகத்தின் இடப்பக்கம்

அகராதி அலுவலகத்துப் பதிப்பாசிரியரின் கழுத்தில், மனைவி இறந்த மறுவாரம், ஒரு நுகத்தடி வந்து உட்கார்ந்தது. உழவு மாடுகளுக்குப் பூட்டுவதுதான். பழைய மரம், நடுவில் கயிறு தேய்த்த தடம். வலப்பக்கம் அவர் கழுத்தில் இருந்தது. இடப்பக்கம் யார் கழுத்திலும் இல்லை, ஆனால் விழவும் இல்லை. சற்றே சரிந்து அந்தரத்தில் நின்றது. அன்று அவர் வேலைக்குத் தாமதமாக வந்தார். பேருந்து நடத்துநர் இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லி மல்லுக்கு நின்றதுதான் காரணம்.

அவரும் மனைவியும் அதே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்கள். சொல்லுக்குப் பொருள் எழுதுவது அவர். அதன் சொந்தபந்தங்களைத் தேடிப் பிடிப்பது அவள். சாயங்காலம் மணி அடித்தால் முதலில் எழுந்திருப்பதும் அவள்தான். இல்லாவிட்டால் அவர் அங்கேயே குடியிருந்திருப்பார். ‘நுகம்’ என்ற சொல்லுக்கு வந்தபோது அவர் நுகத்தடி, பாரம், வலிமை என்று மூன்று பொருள் எழுதினார். அவள் நுகத்தாணி, பூட்டாங்கயிறு என்று உறவுக்காரர்களைக் கூட்டி வந்து சேர்த்துவிட்டு, நாலாவதாக ‘துணை’ என்றும் போடச் சொன்னாள்.

“ரெண்டு கழுத்து இல்லாம அது நுகமாங்க? வெறும் கட்டை.”

“ஆதாரம் காட்டு, போடறேன்” என்றார் அவர்.

எந்தப் பழைய நூலிலும் அவளுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. அவர் சிவப்பு மையால் அடித்தார். அவள் முகம் வாடியதைப் பார்த்தும் பார்க்காதவர்போல அடுத்த சொல்லுக்குப் போனார். அந்த வாரம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

நுகத்தின் சேதி கேட்டு அவளுடைய தம்பி ரம்பத்தோடு அலுவலகத்துக்கே வந்தான். அவன் தச்சன். “அசையாம நில்லுங்க மாமா, நாலு இழுப்புதான்” என்றவன், தொழில் பழக்கத்தில் இடமுனையின் உயரத்தை டேப் வைத்துப் பார்த்தான். நம்பாமல் மறுபடியும் பார்த்தான். தோள்வலிக்காரியான அக்கா கையைத் தூக்காமல் புத்தகம் எடுக்கட்டும் என்று அவன் அடித்துக்கொடுத்த பலகையின் உயரம் அது. “அக்கா தோள் உசரம் மாமா” என்று சொல்லி, இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதான். ரம்பம் பைக்குள் போய்விட்டது. கழுத்தில் இருந்தது பாதி பாரம்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அச்சுக்குப் போகவிருந்த பக்கத்தில் நாலாம் பொருளாக அவர் ‘துணை’ என்று எழுதினார். மேலாளர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

“சார், ஆதாரம்? நீங்க வச்ச சட்டம்தானே.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வலப்பக்கம் அவரோடு இறங்கியது. இடப்பக்கம் நின்ற இடத்திலேயே நின்றது. மேலாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்து மேசையடியில் கிடந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டார். இடப்பக்கமும் மெல்ல இறங்கி அமர்ந்தது.

அகராதி நான்கு பொருளோடு வெளிவந்தது. அலுவலகக் கதவைத் தச்சன் வந்து அகலப்படுத்திக் கொடுத்தான். பேருந்தில் நடத்துநர் கேட்காமலேயே அவர் இரண்டு டிக்கெட் எடுத்தார். சாயங்காலம் மணி அடித்ததும் இடப்பக்கம் முதலில் எழும். அவர் பேனாவை மூடிவிட்டுக் கிளம்புவார்.