வாளிக்கு வைத்த மட்டக்கம்பு

மாடசாமியின் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்து மூன்று நாளாயிற்று. யாராவது கூப்பிட்டால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்த்தான். மனைவி அம்சவல்லி நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தாள்; அடுத்த நாள் தைலம் தேய்த்தாள். தைலம் எரிந்தது. வலி அசையவில்லை.

"நீங்க டிராக்டர் ஓட்டுறீங்களா, இல்ல நாளெல்லாம் கெணத்துக்குள்ள எட்டிப் பாக்குறீங்களா?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. அந்த டிராக்டரின் கோளாறே அதுதான். கீழே தெலுக் அன்சன் ஊர்ப் பக்கத்தில் ஏதோ ரப்பர்த் தோட்டம் வேண்டாமென்று தள்ளிவிட்டதை வாங்கி, முன்பக்கம் வாளி மாட்டி, தேயிலை மலைக்கு ஏற்றி வந்திருந்தார்கள். வாளி என்றால் நாலு பேர் உள்ளே உட்கார்ந்து சாப்பிடலாம், அத்தனை அகலம். மழைக்காலத்தில் ரோட்டில் சரிந்து விழும் மண்ணை அள்ளுவதற்கு அது. ஆனால் சீட்டில் உட்கார்ந்தால் எஞ்சின் மூடிதான் தெரியும், வாளியின் அடி தெரியாது. வாளி மூக்கு கொஞ்சம் கீழே குத்தினால் மண்ணோடு சேர்த்து ரோட்டுக் கல்லையும் பெயர்த்துவிடும். கொஞ்சம் மேலே தூக்கினால் பாதி மண் அங்கேயே கிடக்கும். தரையோடு ஒட்டிப் படுத்தால்தான் மண் மட்டும் வரும். படுத்திருக்கிறதா என்று பார்க்க மாடசாமி ஒரு நாளைக்கு இருநூறு தடவை எழுந்து நின்று, இடப்பக்கம் சாய்ந்து, கழுத்தை நீட்டினான்.

முன்பெல்லாம் எதிரே ஓர் ஆள் நின்று கைகாட்டுவான். ஆள் குறைப்பு என்று தோட்ட ஆபீஸ் கணக்கர் தங்கராஜு கிராணி அவனை உரம் போடும் கூட்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்து நவம்பர் மழை. ரிங்லெட் ஊர்ப் பாதையிலிருந்து தோட்டத்துக்குப் பிரியும் ரோட்டில் இரண்டு இடத்தில் மாடசாமி கல்லைப் பெயர்த்துவிட்டான். கொழுந்து ஏற்றி வந்த லோரியின் சக்கரம் குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கிராணி குடையோடு வந்து நின்றார்.

"மாடசாமி, உன்னை ரோட்டைக் கூட்டச் சொன்னேனா, உழச் சொன்னேனா?"

"வாளி கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குதுங்கய்யா. கைகாட்ட ஒரு ஆள் குடுங்க."

"கண்ணுக்கு ஒரு ஆளு. அப்புறம் காலுக்கு ஒரு ஆளு கேப்ப. இன்னொரு தடவை கல்லு பேந்துச்சு, சாவியைக் குடுத்துட்டு உர மூட்டையைத் தூக்கிக்கிட்டு மலையேறு. டிராக்டருக்கு ஆளா இல்ல? கியூ நிக்கிறானுங்க லா."

உர மூட்டையை மாடசாமிக்குத் தெரியும். பதினோரு வருஷம் சுமந்திருக்கிறான். மழையில் நனைந்த சாக்கு முதுகில் ஒட்டிக்கொண்டு காலைப் பின்னால் இழுக்கும். உரம் கரைந்து இறங்கி முதுகுத் தோலைத் தின்னும். இப்போது வயது நாற்பத்தாறு. வலது முட்டி எப்போதோ ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டு விலகிக்கொண்டது. அந்த இரும்புச் சீட்டை விட்டு இறங்கினால் ஒரு மாதம் தாங்க மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். அதை வீட்டில் சொல்லவில்லை. அம்சவல்லிக்கும் தெரியும். அவளும் சொல்லவில்லை.

மறுநாள் பன்னிரண்டாம் நம்பர் மலையடியில் லோரிக்காகக் காத்திருந்தபோது மேலே பெண்கள் கொழுந்து எடுப்பதைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். ஒவ்வொருத்தியும் தன் முன்னாலிருக்கும் செடியின் தலைமேல் ரோத்தான் பிரம்புக் கம்பு ஒன்றைக் கிடத்தியிருந்தாள். அதற்கு மட்டக்கம்பு என்று பேர். கம்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைக் கிள்ள வேண்டும், கீழே இருப்பதைத் தொடக் கூடாது. அவர்களுக்கு நடுவே நின்ற அம்சவல்லி இலையைப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் பெண்ணோடு யாரையோ ஏசிக்கொண்டே இரண்டு கையாலும் கிள்ளிப் பின்னால் கூடைக்குள் போட்டாள். கம்பை மட்டும் அவ்வப்போது கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். கழுத்து நேராக நின்றது.

மாடசாமி தன் கழுத்தைத் தடவிக்கொண்டான். வாளிக்கும் ஒரு கம்பு வைத்தால் என்ன?

பட்டறையில் வீரப்பன் இரும்புக்கு ஒட்டு வைத்துக்கொண்டிருந்தான். தோட்டத்தில் இரும்பென்று ஒன்று உடைந்தால் அவனிடம்தான் போக வேண்டும். அந்தத் திமிர் அவன் பேச்சிலேயே இருக்கும்.

"வா மச்சான். என்ன, சாமி தேர்ல வர்ற மாதிரி நேரா வர்ற? திரும்ப முடியலையா?"

மாடசாமி சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தான். பிறகு சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் கோடு போட்டான். வாளியின் முதுகில், மேல் விளிம்பில், ஒரு காது. அந்தக் காதில் கம்பியின் ஒரு முனை. வாளியைத் தூக்கும் இரும்புக் கையின்மேல் ஒரு துண்டுப் பைப்பு. கம்பி அந்தப் பைப்புக்குள் நுழைந்து டிரைவர் பக்கம் நீளும். வாளி முன்னால் கவிழ்ந்தால் கம்பி முன்னால் ஓடும். பின்னால் சாய்ந்தால் பின்னால் வரும். வாளி தரையில் சரியாகப் படுத்திருக்கும்போது, பைப்பின் வாயருகே கம்பியில் ஒரு சிவப்புக் கோடு.

"கோடு வாய்க்கு வந்துச்சுன்னா வாளி படுத்திருக்குன்னு அர்த்தம். நீ எந்திரிக்கவே வேணாம்," என்றான் வீரப்பன். "பைப்பு மட்டும் லூசா இருக்கணும். கம்பி கொஞ்சம் ஏறி எறங்கும். இறுக்கிப் பிடிச்சா வளைஞ்சிரும்."

"கம்பி இருக்கா?"

"பைப்பு இருக்கு. கம்பிக்கு எங்க போவேன்? அஞ்சடி நேர் கம்பி வேணும், வெரல் மொத்தம். ஸ்டோர்ல கேட்டா கிராணி கையெழுத்து. போய்க் கேளேன், அப்படியே உர மூட்டையும் சேத்துக் குடுப்பாரு."

அப்படிப்பட்ட கம்பி தோட்டத்தில் ஒன்று இருந்தது. மாடசாமி வீட்டு அடுப்புக்கு மேலே தொங்கியது. இந்த மலையில் நவம்பரில் துவைத்த துணி வெளியே காயாது, பூஞ்சைதான் பிடிக்கும். அம்சவல்லி கல்யாணமான வருஷத்தில் ஒரு கட்டடக்காரனிடம் கெஞ்சி வாங்கிய கம்பி அது. இரண்டு கம்பி வளையத்தில் மாட்டி, அடுப்புச் சூட்டில் துணி காயப்போடுவாள். புகை படிந்து கறுத்திருந்தது. நூல் பிடித்த மாதிரி நேர்.

"அதை ஏன் அப்படிப் பாக்குறீங்க?"

"ரெண்டு நாளைக்குத்தான், வள்ளி. வேற கம்பி கொண்டாந்து மாட்டிடுறேன்."

"எந்த ரெண்டு நாளு?"

"ஞாயித்துக்கிழமைக்குள்ள. முனியாண்டி மேல சத்தியமா."

"அவரை எதுக்கு இழுக்குறீங்க? அவருக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். ஆனால் துணியை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து, ஸ்டூலில் ஏறி, கம்பியை அவளே கழற்றிக் கொடுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் எல்லாம் பொருத்தியாயிற்று. கோடு போடுவதுதான் பாக்கி. புது லய வீடு கட்டுகிற கொத்தனாரிடமிருந்து வீரப்பன் ரசமட்டம் வாங்கி வந்தான். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடும் மரக்கட்டை. டிராக்டரைப் பெரட்டுக் களத்தில் நிறுத்தினார்கள். தினமும் விடியற்காலையில் தோட்டமே வரிசையாக நின்று பேர் கொடுக்கும் இடம். அதைவிடச் சமமான இடம் அந்த மலையில் வேறில்லை என்று இருவரும் நினைத்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவனுக்குக் கால் வழுக்காத இடமெல்லாம் சமதரைதான். ஆபீஸ் படியைப் பார்க்க டிராக்டரை நிறுத்தி, வாளிக்குள் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்ததும் வீரப்பன் சிவப்புப் பெயின்ட்டால் கம்பியில் கோடு போட்டான்.

"இனிமே நீ தூங்கிக்கிட்டே அள்ளலாம்லா," என்றான்.

வியாழக்கிழமை காலை கோட்டைப் பைப்பின் வாய்க்குக் கொண்டு வந்து, எழுந்து பார்க்காமல், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினான் மாடசாமி. டிராக்டர் முக்கியது. இறங்கிப் பார்த்தால் பத்தடி தூரத்துக்குக் கல் பெயர்ந்து, ரோடு பல் போன வாய் மாதிரி கிடந்தது. கம்பியில் கோடு அசையாமல் பைப்பின் வாயில் நின்றது.

கிராணி வந்தார். கல்லைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார்.

"இது என்ன, டிராக்டருக்குக் காவடியா?"

மாடசாமி பெயர்ந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் வைத்தான்.

"சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் சாவி என் மேசைக்கு வரணும்."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்தான். அம்சவல்லி தைலக் குப்பியோடு பின்னால் வந்து நின்றாள்.

"கோட்டை எங்க வெச்சுப் போட்டீங்க?"

"பெரட்டுக் களத்துல. ஆபீஸைப் பாக்க நிறுத்தி. ரசமட்டம் வெச்சு."

தேய்த்த கை நின்றது. அவள் சிரிப்பது அவன் கழுத்து வழியாகவே தெரிந்தது.

"அது சமமான எடமாங்க? தெனம் அரை மணி நேரம் ஆபீஸைப் பாத்து நிக்கிறேன், கெண்டைக்கால் ரெண்டும் இழுத்துப் பிடிக்குது. முன்னங்கால் மேல, குதிகால் கீழ. மழை பேஞ்சா ஆபீஸ் வாசல்ல ஒரு சொட்டு நிக்குதா? அம்புட்டுத் தண்ணியும் எங்க காலடியிலதான் வந்து நிக்குது. வேணும்னா எல்லாப் பொம்பளைங்களையும் கேட்டுப் பாருங்க."

"குமிழி நடுவுல நின்னுச்சே."

"குமிழி வானத்தைப் பாக்கும். நாங்க மட்டக்கம்பை வானத்தைப் பாத்தா வைக்கிறோம்? மலை எப்படிச் சாயுதோ செடி அப்படிச் சாயும், செடி மேலதான் கம்பைப் படுக்க வைக்கிறோம். சரிவுல நின்னுக்கிட்டு வானத்துக்கு நேரா கம்பை வெச்சா ஒரு பக்கம் செடிக்குள்ள குத்தாதா?"

மாடசாமி உள்ளங்கையைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். டிராக்டர் சக்கரம் மேட்டைப் பார்த்து நின்றிருக்கிறது. வாளி மட்டும் வானத்துக்கு நேராக இருந்திருக்கிறது. அப்படியென்றால் சக்கரம் நின்ற தரைக்கு வாளி மூக்கு கீழே குத்திக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்தக் குத்தலுக்குத்தான் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

"சோத்தைப் போடு," என்றான்.

வெள்ளிக்கிழமை, கொழுந்து லோரி வருவதற்கு முன், தேயிலை பேக்டரி வாசலில் சிமெண்டு போட்ட தரைக்கு வீரப்பனோடு டிராக்டரைக் கொண்டு போனான். ரசமட்டத்தைத் தொடவில்லை. சக்கரம் நின்ற அதே சிமெண்டில் வாளியை இறக்கிப் படுக்க வைத்தான். குனிந்து வாளியடியில் ஒரு தேயிலையைத் தள்ளிப் பார்த்தான். எந்தப் பக்கமும் நுழையவில்லை. பழைய சிவப்புக் கோடு பைப்பின் வாயிலிருந்து மூன்று விரல் தள்ளி நின்றது. வீரப்பன் அதைச் சுரண்டிவிட்டுப் புதுக்கோடு போட்டான்.

"அம்சவல்லிகிட்ட நான் ரசமட்டம் வாங்கினதைச் சொல்லாத, மச்சான்," என்று மட்டும் சொன்னான்.

"சொல்லியாச்சு."

சனிக்கிழமை மத்தியானம் ஏழாம் நம்பர் வளைவில் மண் சரிந்தது. முழங்கால் உயரத்துக்கு, முப்பதடி நீளத்துக்கு. அந்தப் பக்கம் லோரி நிறையக் கொழுந்து. நேரம் போனால் சாக்குக்குள் சூடேறிச் சிவந்து வீணாகிவிடும். இந்தப் பக்கம் குடைக்குக் கீழே கிராணி.

மாடசாமி சீட்டில் உட்கார்ந்தான். கோட்டைப் பைப்பின் வாய்க்குக் கொண்டு வந்தான். எழுந்து நிற்கத் துடித்த காலை அடக்கிக்கொண்டு கம்பியையே பார்த்தபடி கியரைப் போட்டான். வாளி மண்ணுக்குள் நுழையும் சத்தம் கேட்டது. கல்லில் உரசும் சத்தமும் கேட்டது. கல்லைப் பெயர்க்கும் சத்தம் கேட்கவில்லை. அள்ளினான், பின்னால் வந்தான், பள்ளத்தில் கொட்டினான், மறுபடி கோட்டைக் கொண்டு வந்தான். ஒன்றே கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூட எழவில்லை. கடைசியில் லோரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.

கிராணி சப்பாத்து நுனியால் ரோட்டைத் தேய்த்துப் பார்த்தார். கல் அதனதன் இடத்தில் இருந்தது.

"காவடி வேலை செய்யுது போல."

"செய்யுதுங்கய்யா."

"அன்னைக்கு ஏன் செய்யல?"

"பெரட்டுக் களம் சரிவா இருந்துச்சுங்க. வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சா."

"எவன் சொன்னான் சரிவுன்னு?" கிராணியின் குரல் ஏறியது. "அதை ஆள் வெச்சு மட்டம் பாத்துப் போட்டதே நான்தான்!"

மாடசாமி தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை. சாவியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. திங்கட்கிழமை பெரட்டில் பேர் கூப்பிடும்போது கிராணி இரண்டு தடவை குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார் என்று அம்சவல்லி வந்து சொன்னாள். பெண்கள் வரிசையில் அன்றைக்குப் பூராவும் அதே பேச்சாம்.

மாதம் முடிவதற்குள் மாடசாமியின் கழுத்து திரும்பியது. முதலில் பாதி, பிறகு முழுசாக. டிராக்டரில் கம்பி பைப்புக்குள் ஓடி ஓடி, அடுப்புப் புகைக் கறுப்பெல்லாம் போய்ப் பளபளவென்று இருந்தது. வீட்டில் அடுப்புக்கு மேலே ஒரு கயிறு. ஈரத் துணியின் கனத்தில் அது நடுவில் தொங்கியது. மாடசாமி சாப்பிட உட்கார்ந்தால் அவனுடைய கால்சட்டையே அவன் தலையில் உரசியது.

"எத்தனை ஞாயித்துக்கிழமை போச்சு?" என்றாள் அம்சவல்லி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

"மூணு."

"நாலு. முனியாண்டி மேல சத்தியம் பண்ணீங்களே, அவரு எண்ணிக்கிட்டு இருப்பாரு."

மாடசாமி தலையை இடப்பக்கம் நன்றாகத் திருப்பிக் கால்சட்டையைத் தள்ளிவிட்டு, இன்னொரு கை சோறு கேட்டான்.

கம்பி இன்னும் வரவில்லை. அம்சவல்லிக்கு மாடசாமி பட்ட கடன் ஐந்தடி நீளத்தில், விரல் மொத்தத்தில், ஒரு நேர் இரும்புக் கம்பி.