சுவரில் அறைந்த சன்னல்

கன்னியம்மாளுக்கு வேண்டியதெல்லாம் தறிக்கு மேல் கொஞ்சம் பகல் வெளிச்சம். பட்டப்பகலிலும் குண்டு பல்பின் அடியில் உட்கார்ந்து, அறுந்த இழையைத் தேடித் தேடி அவளுக்குக் கண் எரிச்சல் தீரவில்லை. சன்னல் வைக்க இருந்ததோ ஒரே சுவர். அதற்கு அந்தப் பக்கம் அவள் தம்பி கண்ணையனின் முற்றம். தன் கல்யாணத்தில் அக்கா புருஷனை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டான் அவன். அன்று அந்த இருவருக்குள்ளும் முறிந்த பேச்சு, இன்னும் ஒட்டவில்லை.

"அவன் மூஞ்சில முழிக்கறதுக்குச் சன்னல் வேற வெக்கணுமா?" என்றான் அவள் புருஷன் கோதண்டபாணி.

மின்வெட்டுக் காலம் அது. பகலில் விளக்கெரிக்காதபடி சன்னல் வைத்தால் வீட்டு வரியில் சலுகை என்று ஊரில் தண்டோரா போட்டார்கள். கோதண்டபாணிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கனகம்மாசத்திரத்தில் இடித்த வீட்டிலிருந்து, கம்பியும் மரக்கதவும் வைத்த பழைய சன்னல் ஒன்றை வாங்கிவந்தான். சுவரை இடித்தானா? அதுதான் இல்லை. செங்கல்லின் மேலேயே சட்டத்தை அறைந்து, கதவைச் சாத்தி, கொக்கியும் மாட்டிவிட்டான் அந்த மகராசன்.

"பில் கலெக்டரு பாத்து எழுதிகினு போறவருதான? தெறந்தா பாக்கப்போறாரு?"

கன்னியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடிக் கிருத்திகையன்று அவன் காவடியோடு மலையேறியதும் தம்பியைக் கூப்பிட்டாள். ஊரே அரோகரா போடும் இரைச்சலில் கடப்பாரைச் சத்தம் யாருக்குக் கேட்கும்? கண்ணையன் தன் பக்கத்திலிருந்து செங்கல்லைப் பெயர்த்தெடுத்து, ஓட்டையை மறைத்துக் கோணிச் சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டான்.

அடுத்த வாரம் பில் கலெக்டர் சிவப்பிரகாசம் வந்தார். அவர் குரல் கேட்டதுமே கண்ணையன் சாக்கை உருவிவிட்டான்.

"சன்னலைத் திறங்க."

"காத்து பட்டா பாவுநூலு அறுந்துபூடுங்க சார்." கோதண்டபாணி தறியைக் கைகாட்டினான்.

"அப்போ எதுக்கு சன்னல்?"

"நான் தெறக்கறேங்க," என்று கன்னியம்மாள் எழுந்தாள்.

கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டான். அவள் கொக்கியைத் தட்டினாள். வெயில் வந்து தறிமேல் கொட்டியது. அந்தப் பக்கம் கண்ணையன் டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தான்.

"வாங்க பாவா! காபி சாப்பிடறீங்களா?"

கோதண்டபாணி மெல்லக் கண்ணைத் திறந்தான்; செங்கல்லைக் காணோம்.

"நல்ல வெளிச்சம்," என்று எழுதிக்கொண்டார் சிவப்பிரகாசம். "பகல்ல சாத்திடாதீங்க. சாத்தினா சலுகை போயிடும். எப்ப வேணா வந்து பாப்போம்."

அவர் போனதும் கோதண்டபாணி சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். கன்னியம்மாள் அறுந்த இழையை ஒரே பார்வையில் பிடித்து முடிந்தாள். அவளுக்குப் பாட வேண்டும்போல் அத்தனை சந்தோஷம்.

நெடுநேரம் கழித்து, முதுகைத் திருப்பாமலே அவன் முனகினான்:

"அவனாண்ட சொல்லு. எனக்குச் சக்கரை தூக்கலா போடணும்."