பதினோரு வருடம் நடந்த தண்ணீர் வகுப்பு

மார்ச் கடைசிச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என் தம்பி ஆரின், வாசலில் வேனை நிறுத்தி ஹாரன் அடித்தபோது, நான் இன்னும் என் நீல அங்கியின் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, வருஷா வருஷம் இதே கதைதானா? வண்டியில உக்காந்து தைச்சுக்கோ, வா."

"பள்ளத்துல விட்டேன்னா ஊசி உன் தொடையிலதான் ஏறும், பாத்துக்கோ."

எங்களுடையது இடைக்கால ஐரோப்பாவை விரும்பும் ஒரு சங்கம், பல ஊர்களில் கிளைகள் உண்டு. ஒவ்வொரு வசந்தத்திலும் விஸ்கான்சினில் ஏரிக்கரையில் உள்ள ஒரு சர்ச் முகாமை வாடகைக்கு எடுத்து, இரண்டு நாள் கலாசாலை நடத்துவோம். எல்லாரும் அந்தக் காலத்து உடையில் வருவோம். வாள் பிடிப்பதிலிருந்து செருப்புத் தைப்பதுவரை நாற்பது வகுப்புகள் இருக்கும். தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பார், தெரியாதவர் கற்றுக்கொள்வார். காபி மட்டும் இந்தக் காலத்துக் காபிதான். மண் கோப்பையில் ஊற்றிக்கொண்டால் யாரும் கேட்பதில்லை.

ஆரின் எங்கள் ஊரில் இருபத்தாறு வருடமாகத் தபால்காரன். தெருவில் அவன் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி யாரும் பார்த்ததில்லை. ஆனால் முகாமுக்குள் நுழைந்துவிட்டால் அவன் ஆசான் உல்ரிக், ஒரு மடத்தின் பீர் காய்ச்சும் துறவி. அவனுடைய வகுப்பின் பெயர் 'தண்ணீர் குடித்தால் சாவு'. அந்தக் காலத்தில் ஆறும் கிணறும் அசுத்தமாக இருந்தன, ஆகவே பாதிரியார் முதல் பச்சைக் குழந்தைவரை பீர் தவிர வேறெதையும் குடிக்கவில்லை என்பதுதான் பாடம். நடுவில், போதையேறிய குழந்தை தொட்டிலில் தள்ளாடுவதை நடித்துக் காட்டுவான். பதினோரு வருடமாக அந்த அறையில் உட்கார இடம் கிடைக்காது.

எனக்குச் சமையலறையில் வேலை. என்றாலும் அவன் வகுப்பின் தொடக்கத்தில் கால் மணி நேரம் போய் நிற்பேன். முதல் சிரிப்பு என்னிடமிருந்து வந்தால்தான் அவனுக்குத் தைரியம்.

அன்று குழந்தை தள்ளாடி முடித்து எல்லாரும் கை தட்டியதும், மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். என் வயதுதான் இருக்கும். வாசலில் கொடுத்த இரவல் அங்கிக்குக் கீழே பனி பூட்ஸ் தெரிந்தது. பெயர் லுவான் டிராஸ்க் என்றாள்.

"நான் முப்பது வருஷம் எங்க ஊர் குடிநீர் நிலையத்துல வேலை பாத்தவ. அதனால கேக்கறேன். அவங்க தண்ணியே குடிக்கலைன்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"உங்க கையில கொடுத்த நோட்ஸோட கடைசிப் பக்கத்துல போட்டிருக்கேனே" என்றான் ஆரின்.

"பாத்தேன். 'தெற்குக் கிளையின் வகுப்பு நோட்ஸ்'னு மட்டும் இருக்கு. அவங்க எங்கேருந்து எடுத்தாங்க?"

"தண்ணி ஆபீஸ்காரங்க தண்ணிக்குத்தானே பரிஞ்சு பேசுவீங்க!"

அறையே சிரித்தது. லுவானும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "சரிதான். ஆனா பதில் வரலையே" என்றாள். அவள் குரலில் சண்டை எதுவும் இல்லை. ஆரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். அதற்குமேல் அவன் சொன்ன எந்த வேடிக்கையும் எடுபடவில்லை.

மதியம் சமையலறைக்கு வந்து, கேட்காமலே ஒரு கத்தியை எடுத்து வெங்காயம் நறுக்க ஆரம்பித்தான்.

"முதல் தடவை வர்றவ. பூட்ஸைக்கூட கழட்டலை. அவ எனக்குப் பாடம் எடுக்கறா."

"டேய், அவ கேட்டதுக்குப் பதில் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"சொல்லேன்."

வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே இருந்தான். பிறகு, "தெற்குக் கிளைக்காரங்க ஒண்ணும் இல்லாமலா எழுதியிருப்பாங்க?" என்றான்.

பாத்திரங்களைக் கழுவிப்போட்டுவிட்டு இருவரும் நூலக அறைக்குப் போனோம். நூலகம் என்றால் உறுப்பினர்கள் கொண்டுவந்த புத்தகங்கள் அடுக்கிய நீள மேஜையும், எல்லாக் கிளைகளின் பழைய நோட்ஸ்களும் கிடக்கும் அட்டைப்பெட்டிகளும்தான். மூன்றாவது பெட்டியில் தெற்குக் கிளையின் நோட்ஸ் கிடைத்தது. பன்னிரண்டு பக்கம், அழகான படங்கள். ஆரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, படித்து, என்னிடம் நீட்டினான். அதில் இப்படி இருந்தது: 'ஆதாரம்: ஆசான் உல்ரிக்கின் வகுப்பில் நேரில் கேட்டது.'

நான் சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்து உட்கார வேண்டியதாயிற்று. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

"முதல்ல யாருடா உனக்குச் சொன்னது?"

"ஞாபகமில்ல. ஏதோ முகாம்ல, சாப்பிடும்போது யாரோ சொன்னாங்க. முதல் ரெண்டு வருஷம் ஆதாரம்னு எதுவும் போடலை. அப்புறம் கட்டாயம் போடணும்னாங்க. தேடினேன், இது கிடைச்சுது. கடைசிப் பக்கத்தைப் பாக்கலை." பெட்டியின் மூடியைச் சரியாகப் பொருத்தினான். "நல்லாச் சிரிச்சாங்கக்கா. அதுக்குமேல எனக்கு எதுவும் தோணலை."

நான் அவன் தோளில் கை வைத்தேன். சின்ன வயதிலிருந்தே வகுப்பில் பேசப் பயந்தவன். ஒரு அறை முழுவதும் அவனைப் பார்த்துச் சிரிக்காமல் அவனோடு சேர்ந்து சிரித்தது இங்கேதான்.

லுவான் செருப்புத் தைக்கும் வகுப்பில் இருந்தாள். அது முடியும்வரை ஆரின் வெளியே குளிரில் நின்றான். ஏரியில் பனிக்கட்டி கரையை விட்டு விலகியிருந்தது. அவள் குத்துப்பட்ட விரலைச் சப்பிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஆதாரம் இல்லைங்க" என்றான்.

"அடடா."

"இல்லைன்னு தெரிஞ்சுதானே கேட்டீங்க?"

"இல்லவே இல்ல! நல்ல புத்தகம் ஏதாவது இருந்தா வாங்கிப் படிக்கலாம்னு கேட்டேன். தண்ணி பத்தி எழுத எவனுக்கும் நேரம் இருக்கறதில்ல. நான் அலையாத இடமில்ல."

அவன் முகத்தில் இருந்த இறுக்கம் அங்கேயே விட்டுப்போனது. நூலகத்துக்கு வாருங்கள் என்று அழைத்தான். மாலை விருந்துக்கு மணி அடிக்கும்வரை இருவரும் அந்த மேஜையை விட்டு எழவில்லை. நான் ரொட்டி கொண்டுபோனபோது லுவான் ஒரு தடித்த புத்தகத்தில் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே லண்டன்காரர்கள் ஊருக்கு வெளியே இருந்த ஊற்றிலிருந்து குழாய் பதித்து ஊர் நடுவில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள்.

"இவ்வளவு செலவு பண்ணிக் குழாய் போட்டவன், குடிக்காம வேடிக்கையா பாத்திருப்பான்?" என்றாள்.

"அக்கா, இதைக் கேளு" என்றான் ஆரின். "பீர் காய்ச்சறவங்க எல்லாத் தண்ணியையும் பிடிச்சிட்டுப் போயிடறாங்க, எங்களுக்குப் போதலைன்னு ஊர்க்காரங்க புகார் கொடுத்திருக்காங்க. என் ஆளுங்கதான்!"

ஞாயிறு ஒன்பது மணிக்கு அதே வகுப்பு மறுபடி இருந்தது. முந்தின நாள் கேட்டவர்கள் சொல்லி அனுப்பியதால் கூட்டம் இன்னும் அதிகம், ஜன்னல் திண்டிலும் ஆட்கள். ஆரின் தன் குல்லாவைக் கழற்றி மேஜையில் வைத்தான். தபால் கொடுக்கும்போது பேசும் அதே சின்னக் குரலில் சொன்னான்.

"நான் பதினோரு வருஷமா இங்க தப்பாச் சொல்லிட்டு இருந்திருக்கேன். அவங்க தண்ணி குடிச்சாங்க. எனக்கு ஆதாரம்னு இருந்தது நான் சொன்னதேதான்."

சிலர் இதுவும் ஒரு வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவன் காத்திருந்தான். சிரிப்பு அடங்கியது.

முன்வரிசையில் கர்ட் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துபவர், வருடம் தவறாமல் வருபவர்.

"ஆசானே, நான் இதை எட்டு வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்திட்டிருக்கேன்."

"தெரியும் கர்ட். மன்னிச்சிடுங்க."

"உங்க மன்னிப்பை வச்சு நான் என்ன பண்றது?"

அவர் வெளியே போனார். இன்னும் நாலைந்து பேர் எழுந்து வேறு வகுப்பு தேடிப் போனார்கள். ஆரினின் காது நுனி சிவந்தது. ஆனாலும் பேச்சை நிறுத்தவில்லை. லுவானை முன்னால் அழைத்து சாக்பீஸைக் கொடுத்தான். அவள் ஊற்று, குழாய், தொட்டி என்று வரைந்தாள். கூச்சத்தில் கரும்பலகையைப் பார்த்தே பேசினாள், பின்னால் இருந்தவர்களுக்குப் பாதி கேட்கவில்லை. ஆரின் ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கத் திருப்பிச் சொன்னான். பீர்க்காரர்கள் மீது வந்த புகாரைச் சொன்னபோது மட்டும் நன்றாகச் சிரித்தார்கள். முதல் சிரிப்பு என்னுடையது இல்லை.

பாதியில் கதவு திறந்தது. கர்ட் தன் போர்வையை நாற்காலியிலேயே விட்டுப்போயிருந்தார். எடுக்க வந்தவர், எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சுவரோரம் கடைசிவரை நின்றார். எல்லாரும் போன பிறகு மேஜையருகே வந்தார்.

"அந்தப் புத்தகத்தோட பேரை எழுதிக் கொடுங்க. நாளைக்கே பிள்ளைங்ககிட்டச் சொல்லணும்."

"கோபம் போயிடுச்சா?"

"போகலை. பேரை எழுதுங்க."

ஆரின் எழுதிக்கொடுத்தான். கர்ட் அதை மடித்து வைத்துக்கொண்டு, லுவானிடம் குழாய் ஈயமா மரமா என்று கேட்டார். அவ்வளவுதான், இருவரும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒன்றாகவே போனார்கள்.

ஏப்ரலில் ஆரின் ஒரு பக்கத் திருத்தம் எழுதித் தெற்குக் கிளைக்கு அனுப்பினான். பத்து நாளில் பதில் வந்தது. அங்கே மூன்று பேர் அவன் பாடத்தை நடத்துகிறார்கள், கடிதத்தை நம்ப மறுக்கிறார்கள், நேரில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அக்டோபரில் ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டிப் போனோம். லுவான் பின்சீட்டில் வரைபடங்களைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது ஆள், வாட்டசாட்டமான ஒரு கொல்லர், சாப்பாடு முடியும்வரை ஆரினோடு வாதாடிக்கொண்டே இருந்தார். ஆரின் அலுக்காமல் பதில் சொன்னான்.